புள்ளி விழுந்தால் ‘அத்தோ’ ‘அததோ’ ஆகும்: எழுத்து வடிவம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பெயர்ப்பலகை, அச்சு, ஃபான்ட், கையெழுத்து வேலை பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் வடிவமைப்புக் குழு பதில் சொல்கிறது.

டைப்போகிராஃபி என்றால் எனக்கு உயிர். ஆனால் புது யோசனை வேண்டும் என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஆங்கில எழுத்துதான். தமிழுக்கு எங்கே போய், எதைப் பார்ப்பது?
– காட்சித் தொடர்பியல் மாணவி, தண்டையார்பேட்டை

இணையத்தில் சேர்த்த படங்களில் எழுத்து மட்டும்தான் இருக்கும். அது எவ்வளவு உயரம், எந்தக் கருவியால் எதன் மேல் எழுதியது, எத்தனை அடி தள்ளி நிற்பவர் படிக்க எழுதியது என்பதெல்லாம் படத்தில் வராது. வடிவத்தைத் தீர்மானிப்பதே அந்த விவரங்கள்தான். ஐந்நூறு படம் சேர்த்த பிறகும் வெறுந்தாள் முன் கை ஓடாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். நீங்கள் இருப்பதோ கொடுத்துவைத்த பகுதி. பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுக்குள் கல், மரம், இரும்பு, சுவர், தாள் எல்லாவற்றிலும் எழுத்து கிடைக்கிறது.

காசிமேடு துறைமுகத்தில் ஆரம்பியுங்கள். விசைப்படகின் முன்பக்கம் நேர்ச்சுவர் அல்ல; மேல்நோக்கி வளைந்து ஏறும். பெயர் எழுதுபவர் எழுத்து நிற்கும் கோட்டையும் அந்த வளைவோடு ஏற்றுகிறார். ஆனால் எழுத்தைச் சாய்ப்பதில்லை, ‘ட’வின் நிமிர்கோடு செங்குத்தாகவே நிற்கும். கணினியில் பெயரை வளைப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். உப்புக்காற்றில் ஓரம் உரிந்தாலும் பெயர் தெரிய வேண்டும் என்பதால் கோடு தடிமனாகவும், அதற்கு வெளியே வேறு நிறத்தில் இன்னொரு ஓரக்கோட்டோடும் எழுதுவார்கள்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கல்லில் வெட்டிய எழுத்தைப் பாருங்கள். உளிக்கு நேர்கோடு எளிது, சுழி கடினம். அதனால் ‘ண’, ‘ன’ சுழிகள் கோணலாகவோ பெரிதாகவோ வந்திருக்கும். காலை ஏழு எட்டு மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போதுதான் வெட்டின் ஆழம் படத்தில் தெரியும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் வழவழப்பாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து ஜார்ஜ் டவுன். அரண்மனைக்காரத் தெருவின் ஆர்மீனியத் தேவாலய முற்றத்தில் தரை முழுக்க ஆர்மீனிய எழுத்துக் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். உங்களுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது என்பதே வசதி. பொருள் குறுக்கே வராததால் கோடு, வெளி, தடிமன் மட்டும் கண்ணில் படும். பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தமிழ்ப் பலகையைப் பார்த்தால், ‘க’வுக்குள் எத்தனை மூடிய அறைகள் இருக்கின்றன என்பது புதிதாகத் தெரியும்.

அச்செழுத்துக்குக் கொண்டித்தோப்பு, சவுக்கார்பேட்டை அச்சகங்கள் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களைத் தேடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பதற்காகப் பெரிய ஈய எழுத்தில் கோத்தவை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இந்த வகை நூல்களை வருடிய படங்களாகப் பார்க்கலாம். மை அதிகம் ஏறிய பக்கத்தையும் ஏறாத பக்கத்தையும் அருகருகே வைத்தால், ஒரே ஈய எழுத்து இரண்டு ஃபான்ட் போலத் தெரியும்.

எண்களுக்கு எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர்கள் போதும். நான்கு எழுத்து, ஆறு எண், சரிபார்க்க ஓர் எண் என்பது உலகம் முழுக்க ஒரே முறை. எழுத்தின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது அதற்கான ஐஎஸ்ஓ விதி. கிரேன் ஓட்டுபவர் உயரத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்து அது. அலங்காரத்துக்கு அங்கே வேலையில்லை.

படம் எடுக்கும் முறைதான் முக்கியம். செல்பேசியின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம். ஓரத்து எழுத்தை இழுத்துவிடும். பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி, எழுத்துக்கு நேர் எதிரே, அதன் நடு உயரத்தில் செல்பேசியைப் பிடியுங்கள். அளவுக்கு ஒரு ஸ்கேலையோ 10 ரூபாய் நாணயத்தையோ (விட்டம் 27 மி.மீ.) பக்கத்தில் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம். வீட்டுக்கு வந்ததும் எழுத்து 8 செ.மீ. உயரம் வரும்படி அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து ஓரக்கோட்டை மட்டும் பென்சிலால் எடுங்கள். தாளின் ஓரத்தில் இடம், பொருள், கருவி, உண்மை உயரம், படிக்கும் தூரம் என்று ஐந்தே விவரம். ஒரு மாதத்துக்கு ஒரே எழுத்தை மட்டும் சேருங்கள். ‘ழ’ நல்ல தேர்வு. அதன் அடிக்கொக்கியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி முடிக்கிறார்கள். முப்பது ‘ழ’ சேர்ந்தபின் உங்கள் கை முப்பத்தொன்றாவதைத் தானாகப் போடும்.

எங்கள் நாடகக் குழு 1960-களில் நடக்கும் கதைக்கு அரங்கம் அமைக்கிறது. சுவரொட்டி, கடைப் பலகை எல்லாம் அந்தக் காலத்து எழுத்தில் வேண்டும். எதை மாற்றினால் போதும்?
– அரங்க அமைப்பாளர், ராயபுரம்

பதின்மூன்று எழுத்துகளை மாற்ற வேண்டும்: ணை, லை, ளை, னை, ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. முதல் நான்கில் இன்றுள்ள இணைக்கொம்பு (‘ை’) இருக்காது. எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு முன்னால் வரும். மற்றவற்றில் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தின் வாலோடு சேர்ந்து கீழே சுழியும். தமிழ்நாடு அரசு சீர்திருத்த வடிவத்தை ஏற்றது 1978 அக்டோபரில். பள்ளிப் புத்தகமும் செய்தித்தாளும் அதன் பிறகே மாறின.

ஒரு விலக்கு உண்டு. பெரியார் ‘குடிஅரசு’ இதழில் 1935-லேயே இந்த வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆகவே உங்கள் அரங்கில் திராவிடர் கழகச் சுவரொட்டி ஒன்று இருந்தால், அதில் மட்டும் ‘விடுதலை’யின் ‘லை’ இன்றுள்ளபடி இருக்கலாம். அதே தெருவின் மளிகைக்கடைப் பலகையில் பழைய ‘லை’. இந்த வேறுபாட்டைக் காட்டினால், பார்வையாளர்களில் வயதானவர் ஒருவராவது கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்.

இன்றைய ஃபான்ட்களில் பெரும்பாலும் பழைய வடிவங்கள் கிடையாது. எழுத்தை ஓரக்கோட்டுப் படமாக (அவுட்லைன்) மாற்றி, அந்தப் பதின்மூன்றையும் கையால் வரைந்து ஒட்டுவதே விரைவு. பாதி பழையது, பாதி புதியது என்று ஒரே வரியில் கலந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ‘னை’யை மாற்றிவிட்டு ‘னா’வை மறந்துவிடுகிறார்கள். ‘சென்னை’யில் கவனமாக இருந்தவர் ‘வினா’வில் மாட்டிக்கொள்வார்.

அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைக்குப் புதிய பலகை, 12 அடிக்கு 3 அடி. வடிவமைப்பவர் போட்டுக் கொடுத்தது கணினியில் நன்றாக இருந்தது, மாட்டிய பிறகு எதிர்ச்சாரியிலிருந்து படிக்க முடியவில்லை. எங்கே கோளாறு?
– அத்தோ கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று கோளாறுகள் தெரிகின்றன.

முதலாவது, எழுத்தை அகலவாக்கில் இழுத்திருக்கிறார். பெயர் சிறியது, பலகை நீளம். நிரப்ப வேண்டும் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தாயிற்று. ஒன்றரை மடங்கு இழுத்தால் நிமிர்கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும். படுக்கைக்கோடுகள் அப்படியே மெலிதாக நிற்கும். புள்ளி முட்டையாகிவிடும். தூரத்திலிருந்து பார்க்கும்போது மெலிந்த படுக்கைக்கோடுகள் முதலில் மறைகின்றன. அவை போனால் ‘ப’வும் ‘ட’வும் வெறும் குச்சிகள். அகலமான எழுத்து வேண்டுமென்றால் அகலமாகவே வரைந்த ஃபான்டை எடுக்கச் சொல்லுங்கள். ‘அனெக் தமிழ்’ என்ற இலவச ஃபான்டில் அகலத்தை 75 முதல் 125 வரையும் தடிமனை 100 முதல் 800 வரையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். அங்கே கோடுகளின் விகிதம் கெடாது.

இரண்டாவது, உயரம். பலகைத் தொழிலில் உள்ள கணக்கு: பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. அந்த ஓர் அங்குலம் ‘ப’, ‘ட’ போன்ற அடிப்படை எழுத்தின் உயரம். மேல்விலங்கும் (‘ி’, ‘ீ’ குறிகள்) கீழ்ச்சுழியும் அதில் சேராது. ஆங்கிலத்துக்குப் பழகியவர்கள் ‘கூ’வின் வால்நுனி முதல் ‘கீ’யின் சுழி வரை மொத்தத்தையும் ஓர் அங்குலமாக வைத்துவிடுகிறார்கள். அப்போது ‘ப’வுக்கு மிஞ்சுவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல்.

உங்கள் மூன்று அடியை இப்படிப் பிரியுங்கள். மொத்தம் 36 அங்குலம். மேலும் கீழும் நான்கு நான்கு விட்டால் மிச்சம் 28. தமிழ் வரிக்கு மேல்விலங்கு, கீழ்ச்சுழி உட்பட 15, இடையில் 4, ஆங்கிலத்துக்கு 9. இந்த 15-க்கு 9 என்பது நாங்கள் இஷ்டத்துக்குச் சொன்னதல்ல. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைக்கு அரசு சொல்வது தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு. தமிழ் முதலிலும் இருக்க வேண்டும். 15 அங்குல வரியில் ‘த’வின் உயரம் எட்டு ஒன்பது அங்குலம் வரும். எண்பது அடிக்கு அப்பால் நிற்பவரும் படிப்பார். உங்கள் தெருவுக்கு அது தாராளம்.

மூன்றாவது, புள்ளி. ‘அத்தோ’வின் ‘த்’ மேல் உள்ள புள்ளி உங்கள் பலகையில் எழுத்தோடு ஒட்டியிருக்கிறது. இரவில் எல்இடி போட்டதும் இரண்டும் ஒன்றாகப் பரவிவிடும். புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே குறைந்தது கோட்டின் தடிமன் அளவு வெளி வேண்டும். புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வட்டத்துக்கும் கோட்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் வட்டம் சிறிதாகத் தெரிவது கண்ணின் குணம்.

தனித்தனியாக வெட்டிய பெட்டி எழுத்துகளாகச் செய்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கோட்டின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போனால் உள்ளே எல்இடி மாடூல் சரியாக உட்காராது. வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். புள்ளி தனித் துண்டு என்பதால் அதற்குத் தனி வயரும் இரண்டு திருகாணியும் தேவை. ஒரு திருகாணியில் நிறுத்திய புள்ளிதான் முதல் புயல்காற்றில் விழும். பிறகு உங்கள் கடை ‘அததோ’ கடை.

வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழைப் பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கொம்பு பின்னால் போகிறது, புள்ளிகளாலான வட்டம் தெரிகிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்டிலேயே வேலை செய்துவிடலாமா?
– டிடிபி பணியாளர், பிராட்வே

வேண்டாம். கோளாறு ஃபான்டில் இல்லை, அமைப்பில்தான் இருக்கிறது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் அந்த வேலையைச் செய்யும் பகுதி இயல்பாக அணைந்திருக்கும். உரையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலையிலுள்ள பட்டியலைத் திறந்து, ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் போடாமல் இருக்க, கோப்பு எதுவும் திறக்காத நிலையில் ‘பேசிக் பாராகிராஃப்’ ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் இதை மாற்றி வையுங்கள். புதிய கோப்பெல்லாம் அதன்படியே வரும்.

இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் ‘ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்’ஸைக் குறியிட்டுவிட்டு, பாராகிராஃப் பேனலில் மத்தியக் கிழக்கு – தெற்காசியக் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பென்றால் டைப் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை மாற்றி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவே இருந்த ஆங்கிலச் சொல், தொலைபேசி எண், மேற்கோள் குறி எல்லாம் கண்டபடி மாறும். மாற்றியபின் ஔ, ஸ்ரீ, க்ஷ, கொ–கோ–கௌ வரிசை ஆகியவற்றைத் தனியே தேடிச் சரிபாருங்கள். ‘ஔவை’யை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டுவது பரவலான பிழை. திரையில் ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டினால் பிரிந்து நிற்கும்.

அந்த இடைவெளி பற்றியும் ஒரு வார்த்தை. தலைப்பு நிரம்பவில்லை என்று டிராக்கிங் எண்ணை ஏற்றாதீர்கள். ‘கொ’ என்பது கொம்பு, ‘க’, கால் என மூன்று துண்டு. மூன்றுக்கு நடுவிலும் வெளி விழுந்தால் வாசகர் மூன்று எழுத்தாகப் படிக்கத் தடுமாறுவார். குறுகிய பத்தியில் வரி நிரப்ப வேண்டுமென்றால் இரு பக்கமும் நேராக்குவதை விட்டுவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். தமிழ்ச் சொல் நீளம். வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும் என்றால் நடுவே ஓட்டைகள் விழத்தான் செய்யும். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது, ஒற்றை எழுத்து தனியே தொங்கவும் கூடாது. வரி இடைவெளிக்கு 10 பாயின்ட் எழுத்துக்கு 15 வைத்துப் பார்த்து, ஃபான்டுக்கு ஏற்ப ஒன்று கூட்டிக் குறையுங்கள். இயல்பாக வரும் 12-இல் மேல்வரியின் ‘கு’ வாலும் கீழ்வரியின் ‘கி’ தலையும் மோதும்.

எங்கள் கால்பந்து அணியின் ஜெர்சி முதுகில் தமிழில் பெயர் போட்டோம். நான்கு தடவை துவைத்ததும் எழுத்து அடைந்துபோன மாதிரி ஆகிவிட்டது.
– அணிப் பொறுப்பாளர், வியாசர்பாடி

துவைத்ததால் அடையவில்லை. அச்சிடும்போதே பாதி அடைந்திருந்தது, பிறகு மை விரிசல் விட்டதும் பளிச்சென்று தெரிகிறது. பின்னல் துணியில் ஸ்கிரீன் பிரின்ட் மை பக்கவாட்டில் பரவும். ‘க’, ‘த’, ‘ண’ போன்றவற்றின் மூடிய உள்வெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் நிரம்பிவிடும். முதுகுப் பெயருக்கு அடிப்படை எழுத்து 5 செ.மீ.க்குக் குறையாமல், கோடு 6 முதல் 7 மி.மீ., மிகச்சிறிய உள்வெளி 3 மி.மீ. என்று வையுங்கள். மிகத் தடித்த ஃபான்ட் வேண்டாம். ‘மிடுக்காக இருக்கட்டும்’ என்று எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அடைவதும் அதுதான். ஒரு தடிமன் குறைத்துக்கொண்டு வெளியே வேறு நிறத்தில் ஓரக்கோடு கொடுத்தால் அதே மிடுக்கு வரும்.

பெயரை வில் போல வளைக்கும்போது எழுத்துகளை விசிறி மாதிரி சாய்க்காதீர்கள். எழுத்து நேராக நிற்கட்டும், நிற்கும் இடம் மட்டும் ஏறி இறங்கட்டும். சாய்த்தால் ‘ா’ பக்கத்து எழுத்தின் மேல் விழும்.

சொந்தமாக ஒரு தமிழ் ஃபான்ட் செய்ய ஆசை. 247 எழுத்தையும் வரைய வேண்டுமா? எதில் தொடங்குவது?
– கிராஃபிக் டிசைனர், பெரம்பூர்

247 வேண்டாம். உயிர் 12, மெய்க்கான அகர வரிசை 18, ஆய்தம் 1, கிரந்தம் ஜ ஷ ஸ ஹ ஶ 5, க்ஷ, ஸ்ரீ என இரண்டு: இதுவரை 38. துணைக்கால், மேல்விலங்கு, அதன் சுழி, கொம்புகள், புள்ளி, கிரந்தத்துக்கு ஒட்டும் உகரக் குறிகள், ‘ௌ’வின் பின்பகுதி என்று சுமார் 10. உகர, ஊகார வரிசை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவை 36. டி, டீ 2. ஆக 86-இல் ஒரு ஃபான்ட் ஓடிவிடும். ஆனால் ஒரே மேல்விலங்கை எல்லா எழுத்துக்கும் ஒட்டினால் ‘ரி’யில் சரியாகவும் ‘ணி’யில் அந்தரத்திலும் நிற்கும். மிச்சப் பதினேழு எழுத்துக்கும் இகர, ஈகாரத்தைத் தனித்தனியே வரைவதென்றால் இன்னும் 34. மொத்தம் 120. இதற்குச் சோம்பல்படாதீர்கள். மலிவான ஃபான்டையும் நல்ல ஃபான்டையும் ‘ணி’, ‘ளி’, ‘ழி’ மூன்றிலேயே பிரித்துவிடலாம்.

அகரவரிசைப்படி ‘அ’வில் தொடங்காதீர்கள். ‘அ’ மிகக் கடினமான எழுத்து. ‘ப’வில் தொடங்குங்கள். நிமிர்கோட்டின் தடிமன், படுக்கைக்கோட்டின் தடிமன், உயரம், அகலம் நான்கும் அதில் முடிவாகும். அதிலிருந்து ட, ய, ம, ழ வரும். அடுத்து ‘ன’. அதன் சுழி உருப்பட்டால் ண, ல, வ, ள எல்லாம் பின்னால் வரும். மூன்றாவது ‘க’, அதிலிருந்து ச, த. ப, ன, க மூன்றையும் வைத்துச் சொற்கள் தட்டிப் பாருங்கள். ‘கனகன்’, ‘பகன்’ என்று அபத்தமாக வந்தாலும் பரவாயில்லை, நிறம் (கறுப்பின் அடர்த்தி) சீராக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு எழுத்து மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அதன் கோட்டை மெலியச் செய்ய வேண்டும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ மூன்றுக்கும் மற்றவற்றைவிடச் சற்று மெல்லிய கோடுதான் பொருந்தும். எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் என்பது கணினிக்கு நியாயம், கண்ணுக்கு அல்ல.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில. ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல் இருந்தால் ‘பார’ என்ற சொல் குழப்பும். ‘ர’வின் அடிவால் தெளிவாகக் கீழிறங்க வேண்டும். ‘ஔ’வின் ‘ள’ பகுதி முழு ‘ள’வைவிடச் சிறிதாக இருக்கட்டும். ஆங்கிலமும் சேர்ப்பதென்றால் தமிழின் அடிப்படை உயரத்தை ஆங்கிலச் சிற்றெழுத்துக்கும் பேரெழுத்துக்கும் இடையில் வையுங்கள். ஆயிரம் அலகுக் கட்டத்தில் அவை 500, 700 என்றால் தமிழ் 600 பக்கம். பேரெழுத்து அளவுக்கு ஏற்றினால் தமிழ் கத்தும். கடைசியாக ‘கூ’, ‘ழூ’, ‘ணீ’ மூன்றையும் விண்டோஸில் தட்டிப் பாருங்கள். ஃபான்டின் மேல், கீழ் எல்லை எண்களைக் குறைவாகக் கொடுத்திருந்தால் சுழியும் வாலும் கத்தரித்ததுபோல் வெட்டுப்படும்.

மென்பொருள்: இலவசமாக ஃபான்ட்ஃபோர்ஜ், மேக் வைத்திருந்தால் கிளிஃப்ஸ். ஆனால் முதல் பதினைந்து எழுத்தைத் தாளில் அகலமுனைப் பேனாவாலும், பிறகு ஒரே தடிமன் மார்க்கராலும் எழுதிப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணி போட்டது ஒரே தடிமன் கோடு. ஓலை ஓட்டையாகும் என்று புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தடிப்பும் மெலிவும் நம் எழுத்துக்குப் பேனாவும் அச்சும் தந்தவை. எந்த வழியில் போவது என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்யாமல் பாதிவழியில் மாறினால் எண்பத்தாறையும் திரும்ப வரைய வேண்டும்.

இலவச ஃபான்டை வாடிக்கையாளர் லோகோவுக்குப் பயன்படுத்தலாமா?
– ஃப்ரீலான்ஸர், மண்ணடி

உரிமத்தைப் பாருங்கள். முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, நோட்டோ தமிழ் போன்றவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. லோகோ, பொட்டலம், விளம்பரம் எதற்கும் பணம் தராமல் பயன்படுத்தலாம். வடிவத்தை மாற்றவும் செய்யலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பர்சனல் யூஸ் என்று போட்டிருப்பதைக் கடை வேலைக்குத் தொடாதீர்கள். ‘நண்பர் அனுப்பினார்’ என்பது உரிமம் ஆகாது.

கடை ஷட்டரில் கையால் பெயர் எழுத வேண்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று வாடிக்கையாளரே கேட்கிறார். சுவரில் எழுதிப் பழக்கம், ஷட்டரில் இல்லை.
– போர்டு ஆர்ட்டிஸ்ட், கல்மண்டபம்

சுவருக்கும் ஷட்டருக்கும் பெரிய வேறுபாடு அதன் பட்டைகள்தான். பட்டையின் வயிறு வெளியே தெரியும், இணைப்பு உள்ளே ஒடுங்கும். எழுத்தின் படுக்கைக்கோடு இணைப்பில் விழுந்தால் காணாமல் போகும். ஆகவே முதலில் பட்டைகளை எண்ணுங்கள். ஒரு பட்டையின் உயரத்தை அளந்து, எழுத்தின் உயரத்தை மூன்று பட்டை, நான்கு பட்டை என்று முழு எண்ணில் வையுங்கள். ‘ப’, ‘ட’, ‘ம’ நிற்கும் அடிப் படுக்கைக்கோடு பட்டையின் வயிற்றில் வர வேண்டும். ‘க’, ‘த’வின் நடுப் படுக்கைக்கோடும் அப்படியே. இதற்காக எழுத்தின் விகிதம் சற்று மாறினால் மாறட்டும்.

கடல் பக்கம் என்பதால் துரு தயாராக இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் டர்பன்டைன் நனைத்த துணியால் கிரீஸை எடுங்கள். பக்கச் சட்டத்திலிருந்து கிரீஸ் வழிந்திருக்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் தோலாக உரியும். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிட்டு எனாமல் தரை நிறம் (எழுத்துக்குப் பின்னணி), மறுபடி ஒரு நாள்.

ஷட்டரில் கோடு போட நூல் அடித்தால் மேடு மட்டும் பதியும், பள்ளத்தில் கோடு விழாது. அதனால் முழுப் பெயரையும் அதே அளவில் தாளில் எழுதி, ஓரக்கோடு நெடுக ஊசியால் அரை செ.மீ.க்கு ஒன்றாகக் குத்துங்கள். தாளை ஷட்டரில் ஒட்டி, மெல்லிய துணியில் கட்டிய சாக்பீஸ் தூளால் தட்டினால் புள்ளிக்கோடு பதியும். பள்ளங்களில் தாளை விரலால் அழுத்திக்கொண்டே தட்ட வேண்டும், இல்லையென்றால் எழுத்து பட்டைக்குப் பட்டை துண்டாகும்.

எனாமலில் டர்பன்டைன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். பட்டையின் வளைவில் வழியும். முதலில் அரை அங்குலத் தட்டைத் தூரிகையால் ஓரம், பிறகு ஓர் அங்குலத்தால் நிரப்பு. ஷேடு போடுவதாக இருந்தால் எழுத்து முழுக்கக் காய்ந்த மறுநாள், எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம். புள்ளிக்கும் ஷேடு உண்டு, அதை மறக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாலையில் எனாமல் அடித்தால் ஈரக்காற்று பட்டு மினுமினுப்புப் போய்ச் சாம்பல் படியும். அந்த மாதங்களில் காலை பத்து மணிக்குள் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். வேலை முடிந்து இருபத்துநான்கு மணி நேரம் ஷட்டரைத் தூக்கக் கூடாது. சுருண்ட பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இறக்கும்போது ‘ழ’வின் பாதி பின்பட்டையில் பதிந்திருக்கும். கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்தை விடமாட்டார் என்றால், முந்தைய விடுமுறைகளிலேயே தரை நிறம் வரை முடித்துவைத்துவிட்டு, அடுத்த விடுமுறை அன்று காலையில் எழுத்தை எழுதுங்கள்.